சப்பாத்திக்கு மாறியும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

இரவுச் சோறு போய் மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் வந்தாகிவிட்டது. காலையில் இட்லி இருந்த இடத்தில் கேழ்வரகுக் கஞ்சி. காப்பியில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தால், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் சர்க்கரை நோய் உள்ளவர் இருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற குறை இது. குறை நியாயமானதுதான். ஆனால் அந்த வீட்டில் மாறியது தானியத்தின் பெயர். மாவுச்சத்தின் அளவு அப்படியே இருக்கிறது.

இந்தப் பகுதிக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாடு முழுக்கச் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தபோது, இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர். அதே ஆய்வுக் குழு 2025-இல் உணவுக் கணக்கை வெளியிட்டது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியிலிருந்து முழுக்கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது சொன்னது. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் புரதத்துக்கு விட்டுக்கொடுத்த உணவோடுதான் குறைந்த ஆபத்து சேர்ந்து தெரிந்தது. சப்பாத்திக் குறைக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது.

ரத்தத்தில் ஓடுவது ஒரு டீஸ்பூன்

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு 100 என்றால் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 1 கிராம். ஆக மொத்த ரத்தத்திலும் சேர்ந்து எந்த நேரத்திலும் ஓடுகிற குளுக்கோஸ் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை.

இப்போது சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஓட்டலில் மீல்ஸ் வாங்கி, சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போட்டுச் சாப்பிட்டால் சோறு 400 கிராமை எட்டுவது எளிது. மாவுச்சத்து 110 கிராமைத் தாண்டிவிடும். ரத்தத்தில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கு மேல், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உள்ளே வந்து சேருகிறது. நோய் இல்லாத உடம்பில் சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கணையம் ஒரு வீச்சு இன்சுலினை விட்டுவிடும். அந்த முதல் வீச்சைக் கண்டதும் கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரை விடுவதை நிறுத்தும்; தசை உள்ளிழுக்கத் தொடங்கும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் முதலில் தளர்வது இந்த முதல் வீச்சுதான். உணவிலிருந்து சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்போதே கல்லீரலும் நிறுத்தாமல் விட்டுக்கொண்டிருக்கிறது. சாப்பிட்ட பின் எண்கள் துள்ளுவதற்கு இதுவே காரணம்.

எனவே கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை கிராம் வருகிறது? எவ்வளவு வேகமாக வருகிறது? அரிசியா, கோதுமையா, கம்பா என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு.

கிராமை முதலில் எடுத்துக்கொள்வோம். வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் 200 மில்லி டம்ளர் இருக்கும். சோற்றை அழுத்தாமல் தலைதட்டி நிரப்பினால் சுமார் 140 கிராம் பிடிக்கும். மாவுச்சத்து 40 கிராம். நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம். வீட்டுத் தோசை ஒன்றில் 20 கிராம் பக்கம். 30 கிராம் மாவில் தேய்த்த சப்பாத்தி ஒன்றில் 20 கிராம். பரோட்டா ஒன்று 35 முதல் 45 வரை போகும். முதல் வரியில் சொன்ன மூன்று சப்பாத்தி 60 கிராம். குருமாவில் 100 கிராம் உருளைக்கிழங்கு இருந்தால் இன்னொரு 18. கூட்டினால் 78. ஒரு டம்ளர் சோறும் மீன் குழம்பும் கீரைப் பொரியலும் சாப்பிட்டிருந்தால் 50 கிராமுக்குள் முடிந்திருக்கும். சப்பாத்திமேல் தவறில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் யாரும் எண்ணவில்லை, குருமாவும் கறிக் கணக்கில் போய்விட்டது. அவ்வளவுதான்.

புதுச்சேரி பிரெட்டுக்கும் இதே கணக்குதான். அடுப்புச் சூட்டோடு வரும் நீள ரொட்டியில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. மேல் ஓடு மொறுமொறுப்பாக, உள்ளே காற்றுக் குமிழியாக இருப்பதால் கையில் எடை தெரியாது. காய்ச்சல்காரர்போல 200 கிராம் ரொட்டி ஒன்றைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டால் அது கிட்டத்தட்ட ஓட்டல் மீல்ஸ் சோற்றுக்குச் சமம்.

வேகம் எங்கே கூடுகிறது

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் கிளைசெமிக் குறியீடு. அரிசிகளுக்கு அதைச் சென்னையில் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். பொன்னி 70, சோனா மசூரி 72, சூர்த்தி கோலம் 77. 55-க்குக் கீழே இருந்தால் குறைவு, 70-க்கு மேலே அதிகம். நாம் அன்றாடம் பொங்குகிற வெள்ளை அரிசிகள் எல்லைக்கோட்டிலும் அதற்கு மேலும் நிற்கின்றன. ஆனால் அந்தக் குறியீட்டை அளக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 50 கிராம் மாவுச்சத்து அடங்கிய உணவை, வேறு எதுவும் சேர்க்காமல், வெறும் வயிற்றில் கொடுத்து அளப்பார்கள். குழம்பும் காயும் மீனும் இல்லை. அளவும் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே அது வேகத்தைச் சொல்லும், சுமையைச் சொல்லாது. சுமை வேண்டுமானால் குறியீட்டை மாவுச்சத்துக் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். ஒரு டம்ளர் பொன்னிச் சோற்றுக்கு 70 × 40 ÷ 100 = 28. இருபதைத் தாண்டினாலே அதிகம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அரை டம்ளர் என்றால் 14. அரிசி ரகத்தை மாற்றி 70-ஐ 60 ஆக்கினாலும் சுமை 24-இல்தான் நிற்கும். ‘சுகர் ஃப்ரீ அரிசி’ என்று மூட்டைமேல் அச்சடித்து விற்பதை வாங்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

கேழ்வரகு ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இங்கேதான் புரியும். கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச் சத்து ஏராளம், நல்ல தானியம்தான். ஆனால் மாவுச்சத்து 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல். அதை நைசாக அரைத்து, சலித்து, தண்ணீரில் நன்றாக வேகவைத்துக் கஞ்சியாகக் குடிக்கும்போது பல்லுக்கு வேலை இல்லை, வயிற்றுக்கும் பாதி வேலை மிச்சம். முழுத் தானியமாக இருந்தால் நொதிகள் ஓரத்திலிருந்து உள்ளே போக நேரம் பிடிக்கும். மாவான பிறகு எல்லாப் பக்கமும் ஓரம்தான். ஆடி மாதக் கூழில் நொய்யும் சேர்கிறது. 40 கிராம் கேழ்வரகு மாவும் 20 கிராம் நொய்யும் போட்ட ஒரு சொம்புக் கூழில் மாவுச்சத்து 40 கிராமைத் தாண்டும். கூடவே முருங்கைக் கீரையும் கருவாடும் வைத்துக்கொள்கிற பழக்கம் அந்தக் கூழைக் காப்பாற்றுகிறது. வெறுங்கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை. கேழ்வரகு வேண்டுமென்றால் மாவைச் சலிக்காமல், முருங்கைக்கீரை நிறையப் போட்டு அடையாகத் தட்டுங்கள், ஒன்றோடு நிறுத்துங்கள்.

பழைய சோற்றைப் பற்றியும் பெரிய நம்பிக்கை இருக்கிறது. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, குடலில் எளிதில் செரிக்காத வடிவத்துக்குப் போகும். உண்மைதான். ஆனால் எவ்வளவு? 2015-இல் வெளியான இந்தோனேசிய ஆய்வொன்றில், 100 கிராம் சோற்றில் அப்படிச் செரிக்காத மாவுச்சத்து சூடாக இருக்கும்போது 0.64 கிராம், 24 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராம். அதாவது 28 கிராமில் கூடுதலாக மிஞ்சியது ஒரே ஒரு கிராம். ஆரோக்கியமானவர்களிடம் சர்க்கரை ஏற்றம் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. அதனால் பழைய சோறு தாராளமாகச் சாப்பிடலாம், சோறாகவே எண்ணிச் சாப்பிட வேண்டும். வடித்த சோறும் அப்படியே. கஞ்சியோடு போவது மாவுச்சத்தில் சிறு பங்கு. அந்தக் கஞ்சியையும் உப்புப் போட்டுக் குடித்துவிட்டால் அந்தப் பங்கும் திரும்ப வந்துவிடும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனைவெல்லம், தேன் எல்லாம் ரத்தத்தைப் பொறுத்தவரை சர்க்கரைதான். நெல்லிக்குப்பம் ஆலையில் வெளுத்து வந்தாலும் கரும்புக் கொட்டகையில் காய்ச்சி எடுத்தாலும் சுக்ரோஸ் சுக்ரோஸ்தான். 200 மில்லி கரும்புச்சாறில் 25 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும், நார் ஒன்றும் இருக்காது.

தட்டில் துணை

வேகத்தைக் குறைக்கும் வழிகளில் செலவில்லாதது, சாப்பிடும் வரிசை. இரைப்பை நிறைந்திருந்தாலும் சிறுகுடலுக்குள் போவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வீராணம் ஏரி நிரம்பி வழிந்தாலும் மதகு திறக்கிற அளவுக்குத்தானே வாய்க்காலில் தண்ணீர். புரதமும் கொழுப்பும் நாரும் முன்னால் போய்விட்டால் அந்த மதகு மெல்லத் திறக்கிறது. நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளிடம் செய்து 2015-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், அதே உணவைக் காயும் இறைச்சியும் முதலில், 15 நிமிடம் கழித்து ரொட்டியும் சாறும் என்று கொடுத்தார்கள். முதலில் ரொட்டி தின்ற நாளைவிடச் சர்க்கரை 30-ஆவது நிமிடத்தில் சுமார் 29 சதவீதமும், ஒரு மணி நேரத்தில் 37 சதவீதமும், இரண்டு மணி நேரத்தில் 17 சதவீதமும் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் உங்கள் குளுக்கோமீட்டரிலேயே சரிபார்க்கக்கூடிய சங்கதி.

நம் இலையில் பொரியலும் கூட்டும்தான் முதலில் வந்து உட்காருகின்றன. ஆனால் சோறு விழும்வரை யாரும் கைவைப்பதில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் திருப்ப வேண்டும். கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ ஒரு டம்ளர் அளவு, மீன் துண்டு இரண்டு, இவை முடிந்தபின் சோறு. மத்தி, கானாங்கெளுத்தி, சங்கரா எதுவானாலும் 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம், மாவுச்சத்து கிடையாது. குழம்பாக இருக்கட்டும், அல்லது மசாலா தடவித் தவாவில் போட்டதாக. சோளமாவும் மைதாவும் தோய்த்துப் பொரித்த ‘சில்லி ஃபிஷ்’ வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும்போது முட்டை, தயிர், சுண்டல் பக்கம் போகலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கருவாடு புரதம் மிகுந்ததுதான். உப்பும் மிகுந்தது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கணக்காக எடுக்க வேண்டும்.

சைவ வீடுகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ‘சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே’ என்பார்கள். நாலு பேருக்கான நீர்த்த சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் துவரம்பருப்பு 10 கிராம் என்று வைத்தால் புரதம் 2 கிராம்தான். அது துணைக்குப் போதாது. 100 கிராம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 9 கிராம் புரதமும் 7, 8 கிராம் நாரும் இருக்கின்றன. மாவுச்சத்தும் 27 கிராம் இருக்கிறது, ஆனால் அது மெல்ல இறங்குவது. சுண்டலைச் சோற்றுக்கு மேல் சேர்க்காமல் சோற்றில் பாதியை எடுத்துவிட்டு வையுங்கள். தோசை மாவிலும் இதே வேலையைச் செய்யலாம்: நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதை இரண்டுக்கு ஒன்றாக்கினால் இட்லி கொஞ்சம் கனக்கும், எண்கள் கொஞ்சம் இறங்கும். பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்த தோசை அதைவிட நல்லது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தைத் தாங்களாக ஏற்றக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான்.

கொழுப்பு விஷயத்தில் ஒரு மாயம் உண்டு. பிரியாணி, பரோட்டா, க்ரோசான் போன்றவை இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 160 காட்டி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும். மதகை அளவுக்கு மீறி அடைத்திருப்பதால் ஏற்றம், சாப்பிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் வரும். இரவு ஒன்பதரைக்குப் பரோட்டா சாப்பிட்டவரின் உச்சம் அவர் தூங்கும்போது போகிறது. காலையில் வெறும் வயிற்று அளவு 170 என்றதும் ‘ராத்திரி நல்லாத்தானே இருந்தது’ என்ற குழப்பம்.

பலாச் சீசனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, பண்ருட்டி பக்கத்தில் இருக்கிறது. கொட்டை நீக்கிய சுளை 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அதில் பெரும்பகுதி நேரடிச் சர்க்கரை. நடுத்தரச் சுளை நாலு சேர்ந்தால் 100 கிராம். வயிறு நிறையச் சாப்பிட்டபின் எட்டுச் சுளை என்பது இன்னொரு டம்ளர் சோறு. மூன்று சுளையை மாலையில், ஒரு பிடி முந்திரியோடோ வேர்க்கடலையோடோ, தனியாகச் சாப்பிடுங்கள். பலாக்கொட்டையைக் காய் வரிசையில் சேர்க்கக் கூடாது, அது கிழங்கின் இனம். மரவள்ளியும் அப்படி: 100 கிராமுக்கு 35 கிராமுக்கு மேல், சோற்றைவிட அதிகம். பலாப்பிஞ்சுப் பொரியலுக்கு இந்தத் தடையெல்லாம் இல்லை.

ஊசி குத்தியாவது தெரிந்துகொள்ள வேண்டியது

மேலே சொன்ன எண்கள் எல்லாம் சராசரி. ஒரே இட்லி இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஏறும். உங்கள் உடம்புக்கு எது என்று கண்டுபிடிக்க ஆறு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் போதும், அதைச் சரியாகச் செலவழித்தால்.

ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். மதியச் சாப்பாடு என்று வைப்போம். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை. கை கழுவி முடித்த நேரத்திலிருந்து கணக்கிடுவது பலர் செய்யும் பிழை. தட்டில் என்ன இருந்தது என்று டம்ளர் கணக்கில் எழுதுங்கள். இரண்டாம் நாள் அதே சோறு, அதே குழம்பு, வரிசையை மட்டும் மாற்றுங்கள். மூன்றாம் நாள் வரிசையும் பழையபடி, சோறு மட்டும் பாதி (மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதற்கு முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்). ஒரே நாளில் சோற்றையும் குறைத்து, நடந்தும் வந்து, மாத்திரையையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருந்தால் அந்தத் தட்டு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. 80, 100 என்றால் இல்லை. பொதுவாக வைக்கும் இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180-க்குள். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வெறும் வயிற்றில் 95, ஒரு மணி நேரத்தில் 140, இரண்டு மணி நேரத்தில் 120 ஆகியவற்றுக்குக் கீழே இருக்க வேண்டும்.

மீட்டருக்கும் எல்லை உண்டு. தரமான மீட்டரே 15 சதவீதம் வரை மேலேயோ கீழேயோ காட்டலாம். 160-க்கும் 172-க்கும் வித்தியாசம் கண்டு மகிழவோ வருந்தவோ வேண்டாம். சாப்பிட்டபின் விரல் ரத்தத்தின் அளவு, ஆய்வகத்தில் நரம்பில் எடுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். பழம் உரித்த கையோடு குத்தினால் 300-கூடக் காட்டும். சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. இங்கே கடற்காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். டப்பியைத் திறந்ததும் மூடவும், பத்து ஸ்ட்ரிப்பை எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பையில் வைக்கும் வேலை வேண்டாம்.

சோற்றைக் குறைக்கும் முன் மாத்திரைச் சீட்டு

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரையும் இன்சுலினும், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவை வைத்து எழுதப்பட்டவை. நாளை முதல் சோறு பாதி என்று நீங்களாக முடிவெடுத்து, மருந்தை அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல். 54-க்குக் கீழே போனால் பேச்சுக் குழறலும் மயக்கமும். சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

சரிந்துவிட்டால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட்டும் பிஸ்கட்டும் பாலும் இதற்கு உதவாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்கள் கவனிக்க: இந்த மாத்திரை சர்க்கரையை உடைக்கும் நொதியையே தடுக்கிறது. அவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை நேரத்துக்கு வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடால் வந்த சரிவு, தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். வோக்ளிபோஸை முதல் கவளத்தோடு போட வேண்டும். சாப்பிட்டு முடித்து ஞாபகம் வந்து போட்டால் பலன் போய்விட்டது. சாதாரண இன்சுலினும் அது கலந்த 30/70 இன்சுலினும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கல்யாண வீட்டில் போட்டுவிட்டுப் பந்திக்கு இடம் பிடிக்கக் காத்திருப்பது ஆபத்து, இலை போட்டபின் ஊசி போடுவதும் பயன் குறைவு. வேகமாக வேலை செய்யும் புதுவகை இன்சுலின் என்றால் 15 நிமிடம் முன்.

சாப்பிட்டபின் நடப்பது மருந்துக்கு அடுத்த நிலையில் வைக்க வேண்டியது. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை உள்ளிழுக்கும். நியூசிலாந்தில் 2016-இல் வெளியான ஆய்வில், நாளைக்கு ஒரே தடவை 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தவர்களின் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 12 சதவீதம் குறைவு; இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். விடியற்காலை ஒரு மணி நேரம் நடந்துவிட்டு இரவு சாப்பிட்டதும் படுப்பவர்கள், அதில் பத்து நிமிடத்தையாவது இரவுக்கு மாற்றலாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலைக்குப் பிறகு வண்டி விடுவதில்லை, நடக்க அதைவிட வசதி வேண்டாம். காலில் மரத்த உணர்ச்சி உள்ளவர்கள் மட்டும், சித்திரை வெயிலில் கடலூர் சில்வர் பீச் மணலிலும் கோயில் பிராகாரக் கல்லிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

இந்தக் கரையோரத்துக்கென்று இன்னொரு முன்னேற்பாடும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. மின்சாரம் இல்லாத நாட்களில் கையில் கிடைப்பது பிரெட், பிஸ்கட், பொட்டலச் சாதம், எல்லாமே மாவுச்சத்து. ஐப்பசி தொடங்கும்போதே பொட்டுக்கடலை, வேர்க்கடலை, ஊறவைத்தாலே தின்னக்கூடிய பச்சைப்பயறு, குளுக்கோஸ் பவுடர், இரண்டு வாரத்து மாத்திரை ஆகியவற்றை நீர் புகாத டப்பாவில் எடுத்து வையுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. மின்சாரம் போனால் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். பனிக்கட்டிமேல் நேரடியாக வைத்து உறைந்துபோனால் அந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

காய்ச்சல், வாந்தி வந்து சாப்பாடு இறங்காத நாளில் சர்க்கரை குறையும் என்று நினைத்து இன்சுலினை நிறுத்துவது பெரும் தவறு. காய்ச்சலே அளவை ஏற்றும். நாலு மணிக்கொரு முறை பாருங்கள், மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள் விரதம் இருக்கும்போதும், மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும்போதும், வயிற்றுப்போக்கு வாந்தியின்போதும் அந்த மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றி முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். அவர்களுக்கு மீட்டரில் 180 மட்டுமே காட்டினாலும், குமட்டலும் மூச்சு வாங்குதலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் அது, கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலமான கீட்டோன் ரத்தத்தில் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது மீட்டரை நம்பி வீட்டில் உட்காராமல், மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.